உதவி திருடு போகிறதா, தாமதமாகிறதா? சோமாலியா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டது இது: சோமாலியாவுக்கு 1992இலிருந்து உலகம் உதவி அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் போராலும் வறட்சியாலும் ஊரைவிட்டு வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்னும் முகாம்களில்தான் கிடக்கின்றன. உதவியில் பெரும்பகுதி நடுவிலேயே திருடு போகிறதாம். இப்போது தானியம் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டு மொபைலில் காசு போடுகிறார்களாம், வீட்டு ஆண்கள் அதை வேறு வழியில் செலவழித்துவிட மாட்டார்களா? எங்கள் அலுவலகத்தில் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம், பேசாமல் அரிசியும் துணியும் வாங்கி நாமே அனுப்பினால் என்ன? கேள்விகள் மூன்று நான்கு இருந்தாலும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று படுகிறது. கொடுப்பதால் யாராவது பிழைக்கிறார்களா இல்லையா? நான் ஊட்டச்சத்துப் பிரிவில் இருப்பவன். கிழக்கு ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை செய்தேன், அதில் பெரும்பகுதி தெற்கு சோமாலியாவுக்கான திட்டங்கள். குழந்தைகளின் மெலிவு, அதற்கான சிகிச்சை, உணவு விநியோகம், பணப் பட்டுவாடா இவை என் தொழில். குலங்களுக்கு இடையிலான அரசியலும் ராணுவ விவகாரமும் வெளியாள் என்ற அளவில்தான் தெரியும். அந்த இடங்களில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை, கீழே விவரமாகவே எழுதுகிறேன். ஆனால் சோமாலியாவில் அதிகம் பேரைக் கொன்றது திருட்டு அல்ல, தாமதம். 2011ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலில் லா நினா (கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் நிலை) உருவாகிறது, ஆண்டுக் கடைசியில் வரவேண்டிய மழை பொய்க்கும் என்று பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்புகள் 2010 ஆகஸ்டிலேயே சொல்லத் தொடங்கிவிட்டன. அக்டோபரில் தொடங்கும் தைர் மழை பொய்த்தது. ஏப்ரலில் தொடங்கும் கூ மழையும் பொய்த்தது. ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20ஆம் தேதி, முதலில் தெற்கு பகூலிலும் கீழ் ஷபெல்லேயிலும். பெரிய அளவில் பணம் வந்தது அந்த அறிவிப்புக்குப் பிறகுதான். 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை சுமார் 2,58,000 பேர் வழக்கத்துக்கு அதிகமாக இறந்ததாகப் பிறகு நடந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிப் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். சாவு உச்சத்தில் இருந்தது மே முதல் ஆகஸ்ட் வரை. அதாவது தொலைக்காட்சியில் படம் வந்து, நன்கொடை குவிந்து, கப்பல் கிளம்பியபோது சாக வேண்டியவர்களில் பெரும்பங்கினர் செத்து முடிந்திருந்தார்கள்.

பஞ்சம் என்று அறிவிப்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. 5 குடும்பங்களில் ஒன்றுக்கு அநேகமாக உணவே இல்லை என்ற நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்கு மேல் கடுமையான மெலிவு, 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 2 பேருக்கு மேல் சாவு. இந்த மூன்றும் சேர வேண்டும். மூன்றாவதை அளக்க வேண்டுமானால் முதலில் ஆட்கள் செத்திருக்க வேண்டும், இல்லையா? ஆகவே அறிவிப்பு என்பது எச்சரிக்கை மணி அல்ல, மரணக் கணக்கு. இந்த வரையறையை உருவாக்கியவர்களைக் குறை சொல்லவில்லை. கண்டபடி அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அதற்கு மதிப்பிருக்காது என்பது உண்மை. ஆனால் நிதி தருகிற அரசுகள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பதை வழக்கமாக்கிக்கொண்டதுதான் கோளாறு.

அதே 2011இல் கென்யாவின் வடக்கிலும் எத்தியோப்பியாவின் தெற்கிலும் இதே வறட்சி இருந்தது. பஞ்சம் அறிவிக்கப்பட்டது தெற்கு சோமாலியாவில் மட்டும். வானம் மூன்று நாட்டுக்கும் பொதுதான், தரையில்தான் வித்தியாசம். 1991இல் அரசு கவிழ்ந்ததிலிருந்து தெற்கில் நிலையான நிர்வாகம் கிடையாது. 2011இல் கிராமப்புறம் பெரும்பாலும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில். அவர்கள் உலக உணவுத் திட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டே விரட்டிவிட்டார்கள், பிறகு மற்றப் பல அமைப்புகளுக்கும் தடை போட்டார்கள். மறுபக்கம், அல்-ஷபாப் பயங்கரவாத அமைப்பு என்று 2008இல் அமெரிக்கா பட்டியலிட்டதால், அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் ஒரு லாரி சுங்கம் கட்டினால்கூட வழக்கு வருமோ என்ற பயத்தில் அமெரிக்க உதவி பெருமளவு சுருங்கியது. விதி தளர்ந்தது 2011 ஆகஸ்டில், பஞ்ச அறிவிப்புக்குப் பிறகு. இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பே, பகூல், ஷபெல்லே பகுதிகளின் மானாவாரி விவசாயிகளும் ஆடுமாடு வைத்திருந்தவர்களும். ரஹன்வெயின் குலத்தவரும் சோமாலி பாண்டு என்ற சிறுபான்மை இனத்தவரும் அதிகம். ஆயுதமும் அதிகாரமும் வெளிநாட்டில் உறவினரும் மற்றவர்களைவிட இவர்களுக்குக் குறைவு. 1992 பஞ்சத்தில் செத்தவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஒரு குடும்பம் எப்படி முகாமுக்கு வந்து சேர்கிறது என்பது தெரிந்தால் காசா தானியமா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். பே பகுதியில் ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் சோளக் கொல்லை, சில ஆடுகள், முடிந்தால் ஒரு பசு, ஒரு கழுதை இருக்கும். முதல் மழை பொய்த்தால் சேமித்த சோளம் தீரும், இரண்டு ஆடு விற்பார்கள். இரண்டாவது மழையும் பொய்த்தால் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடு விற்க வருவார்கள். ஆடு மெலிந்திருக்கும், விலை விழும். அதே சந்தையில் சோளத்தின் விலை ஏறும். 2011இன் நடுவில், பே பகுதியின் முக்கிய நகரமான பைதோவாவில் சிவப்புச் சோளத்தின் விலை முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. கடையில் சோளம் இருந்தது, கையில் காசு இல்லை. ஒரு ஆட்டை விற்றால் எத்தனை கிலோ தானியம் கிடைக்கும் என்ற ஒற்றைக் கணக்கைத்தான் எங்கள் ஆட்கள் மாதாமாதம் பார்ப்பார்கள். அந்தக் கோடு சரிய ஆரம்பித்தால் இரண்டு மூன்று மாதத்தில் குழந்தைகளின் கை மெலிய ஆரம்பிக்கும். அப்புறம் கடன். கடைக்காரர் கடனை நிறுத்துகிற நாளில், அல்லது அல்-ஷபாப் வரி கேட்டும் பையனைக் கேட்டும் வருகிற நாளில், கிளம்புவார்கள். கழுதையைக் கடைசிவரை விற்க மாட்டார்கள், நடக்க முடியாத குழந்தைகளையும் தண்ணீர்க் கேனையும் ஏற்ற வேண்டும் அல்லவா. வயதானவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கிவிடுவதும் உண்டு. வழியிலேயே குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த தாய்மார்களைப் பதிவு மேசையில் பார்க்காத ஆண்டு எனக்கு நினைவில்லை.

ஆக, கிளம்புவதற்கு முன்பே, கடன் நின்றுபோன அந்த வாரத்தில், அந்த வீட்டுக்கு 60, 70 டாலர் கிடைத்திருந்தால் பெரும்பாலும் கிளம்பியிருக்க மாட்டார்கள். கிளம்பிவிட்டால் ஆடு போயிற்று, விதை போயிற்று, அந்தப் பருவத்து உழவும் போயிற்று. அடுத்த மழை நன்றாகப் பெய்தாலும் திரும்பிப் போய் விதைக்க ஒன்றும் இருக்காது. முகாமில் ஒரு குடும்பத்தை ஓர் ஆண்டு வைத்துக் காப்பாற்றும் செலவு அதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கு புரிந்ததால்தான் மழை பொய்க்கும் என்ற கணிப்பு வந்ததுமே பணத்தை விடுவிக்கும் முறையை ஐ.நா.வின் மத்திய அவசரகால நிதி 2020இல் சோமாலியாவில் சோதித்துப் பார்த்தது. இன்னும் அது மொத்த நிதியில் சிறு பகுதிதான்.

சரி, காசு. சோமாலியாவில் மொபைலில் காசு அனுப்புவது உதவி அமைப்புகள் கண்டுபிடித்த விஷயம் அல்ல, மக்களே ஏற்கெனவே அப்படித்தான் வாழ்கிறார்கள். நாட்டின் மத்திய வங்கி 1991இலிருந்து நோட்டு அச்சடிக்கவில்லை, புழக்கத்தில் இருக்கும் ஷில்லிங்கில் பெரும்பாலானவை கள்ள நோட்டுகள். அதனால் தேநீர்க் கடையிலிருந்து ஒட்டகச் சந்தை வரை ஹோர்முத் நிறுவனத்தின் ஈவிசி பிளஸ் போன்ற சேவைகளில் டாலராகவே பட்டுவாடா. இணையம் வேண்டாம், பழைய பட்டன் போன் போதும். உதவி பெறுகிற பெண்ணின் எண்ணுக்குப் பணம் வரும், குறுஞ்செய்தி வரும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் மூத்த மகள் படித்துச் சொல்வாள். அங்கிருந்தே கடைக்காரருக்கு எண்ணை அழுத்தி மாற்றிவிடுவார். அதற்கு முன்பு, 2011இல், உண்டியல்காரர்கள் (ஹவாலா முறையில் பணம் கைமாற்றுபவர்கள்) வழியாகத்தான் பணம் போனது. தானியம் ஏற்றிப் போக முடியாத ஊர்களுக்கும் அந்த வலை எட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணமாகவும் வவுச்சராகவும் உதவி சேர்ந்தது அந்த வழியில்தான், அவ்வளவு பெரிய அளவில் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை என்று சொல்லலாம். வெளிநாட்டில் வாழும் சோமாலியர்கள் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வீட்டுக்கு அனுப்புவதும் இதே வலையில்தான்.

ஆண்கள் செலவழித்துவிடுவார்களே என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. பணம் கொடுத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் போகிறதா என்று பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அப்படிச் செலவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை, சில இடங்களில் குறைந்தேயிருந்தது. சோமாலியாவில் இந்தப் பயம் காட் இலையைப் பற்றியது, ஆண்கள் மெல்லும் போதை இலை. அதற்குக் காசு போன வீடே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாங்கள் கேட்டறிந்த வீடுகளில் முதல் செலவு எப்போதும் உணவு, இரண்டாவது கடன். கடனை அடைப்பதை வெளியூர் அதிகாரிகள் வீண் என்று நினைப்பார்கள். நம் ஊரில் அண்ணாச்சி கடை நோட்டில் பழைய பாக்கியில் கொஞ்சம் கொடுத்தால்தான் அடுத்த மாதத்துக்கு அரிசி எடுக்க முடியும் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அடைத்த கடன் மறுபடி திறக்கும் கடன். மழை பொய்த்த ஊரில் அதுதான் காப்பீடு.

காசு எல்லாவற்றுக்கும் மருந்து என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். தலைநகர் மொகடிஷுவுக்கு வெளியே அஃப்கோயே சாலையோர முகாம்களில் ஒரு ஆய்வு நடந்தது. பணம் கிடைத்த வீடுகளில் குழந்தைகள் சாப்பிட்ட உணவு வகைகள் கூடின, ஆனால் கடுமையான மெலிவு குறையவில்லை. எங்கள் துறையில் பலருக்கு அது சங்கடமான முடிவு. எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. முகாம் குழந்தை மெலிவது பசியால் மட்டுமல்ல, வயிற்றுப்போக்காலும் தட்டம்மையாலும்தான். கலங்கல் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தாலும் கலங்கல் தண்ணீர்தானே. இன்னொன்று, சந்தைக்குச் சரக்கு வராத இடத்தில் காசு கொடுத்தால் விலைதான் ஏறும். பைதோவா நகரம் அரசின் கையில், சுற்றுக் கிராமங்களும் சாலைகளும் பெரும்பாலும் அல்-ஷபாபின் கையில். 2023 ஜூலையில் அவர்கள் சாலையை அடைத்தபோது நகரத்துக்குச் சரக்கு வருவதே நின்றது. அந்த மாதிரி நேரத்தில் மூட்டைதான் வேண்டும், விமானத்தில் கொண்டுவந்தாலும் பரவாயில்லை. உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் இன்னொரு விதமாக அடி விழுந்தது. சோமாலியா இறக்குமதி செய்த கோதுமையில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது, மழை பொய்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் மாவு விலையும் ஏறிவிட்டது.

காசால் வாங்க முடியாத ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் வேலையின் மையம். முகாமுக்குப் புதிதாக வரும் குழந்தையின் இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்போம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. உங்கள் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளையம் போட்டுப் பாருங்கள், அந்தக் குழந்தையின் கை அதற்குள் தாராளமாகப் புகுந்துகொள்ளும். அடுத்து இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துவோம். எடுத்தபின் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், நாடா எந்த நிறம் காட்டினாலும் அந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது. வீங்கிய முகத்தைப் பார்த்துக் குழந்தை தெளிந்துவிட்டது என்று தாய் நம்பிக்கொண்டிருப்பார். அவரிடம் உண்மையைச் சொல்வது கஷ்டமான வேலை. பிறகு ஒரு பாக்கெட்டைத் தாயின் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லிவிட்டுச் சற்று விலகி உட்கார்ந்து பார்ப்போம். நிலக்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்து அரைத்த விழுது, 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், கெடாது. குழந்தை ஆசையாக நக்கிச் சாப்பிட்டால் வாரத்துக்கான பாக்கெட்டுகளோடு குடிசைக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் உள்ளே எங்கோ தொற்று இருக்கலாம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்தச் சாப்பாட்டுப் பரிசோதனை கருவி எதுவும் இல்லாத எளிய காரியம், ஆனால் குடிசைக்கு அனுப்புவதா மருத்துவமனையில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய அது உதவுகிறது.

இந்த விழுது 1990களின் பிற்பாதியில் பிரான்சில் உருவானது. அதற்கு முன்பு கடும் மெலிவு உள்ள எல்லாக் குழந்தைகளையும் வாரக்கணக்கில் மையத்தில் வைத்துப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. தாய் அங்கேயே தங்குவார், வீட்டில் மற்ற நான்கு பிள்ளைகளும் அம்மா இல்லாமல் கிடக்கும். பலர் பாதியில் போய்விடுவார்கள். வீட்டுக்கே கொடுத்தனுப்பும் முறை வந்த பிறகு பத்து மடங்கு குழந்தைகளைப் பார்க்க முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் ஐந்து பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் இனிப்பான பாக்கெட் கிடைத்தால் எந்தத் தாய் பங்கு வைக்காமல் இருப்பார்? வாரம் முடிந்து வரும்போது எடை ஏறியிருக்காது. நாம் தாயைத் திட்டுவதில் பயனில்லை, அந்த வீட்டுக்கே உணவோ காசோ போக வேண்டும். மருத்துவத் திட்டத்தையும் பணத் திட்டத்தையும் வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு பட்டியல் வைத்து நடத்தும்போது இந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. சிவப்பு நாடா வந்த குழந்தையின் வீடு பணப் பட்டியலில் இல்லாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது திருட்டு. முகாம் என்றதும் அரசு நடத்தும் இடம் என்று நினைப்பீர்கள். பைதோவாவிலும் மொகடிஷுவிலும் பெரும்பாலான முகாம்கள் தனியார் நிலத்தில் இருக்கின்றன. குச்சிகளை வளைத்து மேலே துணியும் தார்ப்பாயும் கட்டிய வட்டக் குடிசைகள், ஒரு முகாமில் நூறு இருநூறு குடும்பம், இப்படி ஒரே நகரில் நூற்றுக்கணக்கான முகாம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாள், அங்கே அவர்களை வாசல்காரர்கள் என்பதுபோல் அழைக்கிறார்கள். நில உரிமையாளரிடம் பேசி இடம் பிடிப்பார், பாதுகாப்புக்கு ஆள் வைப்பார், உதவி அமைப்புகளுக்குப் பட்டியல் கொடுப்பார். பதிலுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருவதில் ஒரு பங்கு எடுப்பார். தானியம் வந்தால் தானியத்தில், காசு வந்தால் காசில். மூட்டையை விற்க அவருக்கு லாரி வேண்டும், மொபைல் பணத்துக்கு அது வேண்டாம், குடிசை குடிசையாகப் போய்க் கேட்டால் போதும். தர மறுத்தால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. ஆக, காசு முறை கப்பலிலிருந்து கிடங்கு வரையிலான திருட்டைக் குறைக்கிறது, கடைசி நூறு அடித் திருட்டை அப்படியே விட்டுவிடுகிறது. ஐ.நா. 2023இல் நடத்திய விசாரணையிலும் நில உரிமையாளர்கள், உள்ளூர் அதிகாரிகள், பாதுகாப்புப் படையினர், ஏன், உதவிப் பணியாளர்கள்கூடப் பங்கு எடுப்பது பரவலாக நடக்கிறது என்றே வந்தது. அதையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் உலக உணவுத் திட்டத்தின் சோமாலியப் பணிக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

மொத்தத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று கேட்டால், யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். ‘பாதி போகிறது’ என்று பலர் சொல்வது பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சமயத்தில் உணவு உதவியைப் பற்றிச் சொல்லப்பட்ட மதிப்பீடு, அப்போதே அதை மறுத்தவர்கள் உண்டு. கொடுக்கிற பங்கும் முகாமுக்கு முகாம் மாறும். சில மேலாளர்கள் மோசமான சுரண்டல்காரர்கள். சிலர் உண்மையிலேயே அந்த மக்களின் ஊர்க்காரர்கள், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள். சிறுபான்மைக் குலத்தவர் அதிகம் சுரண்டப்படுகிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்? உதவி பெற்றவர்களுக்கே போன் போட்டு எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கும் வேலையைப் பட்டுவாடா செய்த அமைப்பே செய்யாமல் வெளியார் செய்தால் ஓரளவு உண்மை வரும். பட்டியலை மேலாளரிடம் வாங்காமல் நேரே குடிசைக்குப் போய் எடுப்பது அதைவிட நல்லது, செலவும் ஆபத்தும் அதிகம். உதவியையே நிறுத்துவது மேலாளரைத் தண்டிக்காது. அவர் வேறு தொழில் பார்த்துக்கொள்வார்.

தாமதம்தான் கொல்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு நான் காட்டக்கூடிய சான்று 2017. மறுபடி மழை பொய்த்தது. பிப்ரவரியிலேயே சோமாலிய அரசு தேசியப் பேரிடர் என்று அறிவித்தது, 2011இன் நினைவு பசுமையாக இருந்ததால் நிதியும் சீக்கிரம் வந்தது. சில மாதங்களில் மாதம் 30 லட்சம் பேர் அளவுக்கு உதவி எட்டியது. பஞ்சம் வரவில்லை. திருட்டு 2017இலும் இருந்தது, மேலாளர்களும் அதே ஆட்கள்தான். ஆனால் இந்த ஒப்பீடு சுத்தமானது என்று சாதிக்க மாட்டேன். 2011இல் பைதோவாவே அல்-ஷபாப் கையில் இருந்தது, 2012 பிப்ரவரியில்தான் கைமாறியது. 2017இல் நடந்து வந்து சேர ஒரு நகரமாவது இருந்தது. மொபைல் பணமும் அதற்குள் பரவியிருந்தது. சீக்கிரம் வந்ததால் மட்டுமே பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது, பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் கணிப்பு. அப்புறம் 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. 2022 செப்டம்பரில் பைதோவாவிலும் புர்ஹகபாவிலும் பஞ்சம் வரப்போகிறது என்று கணித்தார்கள். கடைசி நேரத்தில் உதவி பெருகியது, வரையறையின் கோட்டைத் தொடவில்லை, பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் அந்த ஓர் ஆண்டில் 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம், பாதி குழந்தைகளாக இருக்கலாம் என்று பிறகு வந்த மதிப்பீடு சொன்னது. இது கணித மாதிரியில் வந்த எண், தலை எண்ணியது அல்ல, முன்பின் இருக்கலாம். ‘பஞ்சம் தவிர்க்கப்பட்டது’ என்ற தலைப்புச் செய்தியைப் படிக்கும்போது அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டாகக் கொடுத்தும் ஏன் தீரவில்லை என்பதற்கு என் பதில் குறுகியது. நிவாரணம் சாவைத் தடுக்கும், போரை நிறுத்தாது. முகாமிலிருந்து திரும்பப் போக நிலம் யார் கையில் இருக்கிறது, சாலை யார் கையில் இருக்கிறது என்பது உதவி அமைப்புகளின் அதிகாரத்தில் இல்லை. 2023 கடைசிக் கணக்கில் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் சுமார் 38 லட்சம் பேர். அவர்களில் பலர் இனித் திரும்ப மாட்டார்கள். பைதோவாவின் வெளிப்புறம் இப்போதே புறநகராகிவிட்டது. கூலி வேலையும் பள்ளிக்கூடமும் நகரில்தான் என்று ஒரு தலைமுறை முடிவு செய்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது நிவாரணப் பட்டியல் அல்ல, நாளைக்கு யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு துண்டு நிலம். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் அலுவலகப் பணத்துக்கு வருவோம். அரிசி வாங்கி அனுப்ப வேண்டாம். பைதோவா கடையில் இந்திய அரிசியும் பாகிஸ்தான் அரிசியும் ஏற்கெனவே மூட்டையாக அடுக்கியிருக்கிறது. நீங்கள் அனுப்பினால் கப்பல் கூலி, மொகடிஷு துறைமுகக் கட்டணம், கிடங்கு, சுமார் 250 கிலோமீட்டர் சாலையில் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் ‘வரி’ எல்லாம் கட்டி முடிக்கும்போது அரிசியின் விலை அற்பமாகிவிடும். துணி இன்னும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் நன்கொடையாக வந்த பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்ததும், மீனவர்கள் அவற்றைத் தொடாததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதை அப்புறப்படுத்துவதே அதிகாரிகளுக்குத் தனி வேலையானது. பணமாகக் கொடுங்கள். யூனிசெப், செஞ்சிலுவை இயக்கத்தைச் சேர்ந்த சோமாலியச் செம்பிறைச் சங்கம் போன்றவை அங்கே நீண்ட காலமாக இருப்பவை, எல்லையற்ற மருத்துவர்கள் 2013இல் வெளியேறி 2017இல் திரும்பியவர்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப வங்கி விதிகள் உண்டு, கூட்டாக அனுப்புவதைவிட ஆளாளுக்குத் தனியாக அனுப்புவது சுலபமாக இருக்கலாம், உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அமைப்பாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பயனாளிகள் பட்டியலை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள்? பணம் போன பிறகு அவர்களிடம் யார் பேசுகிறார்கள்? நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பது வழக்கம். அதைவிட இந்த இரண்டும் முக்கியம், ஏனென்றால் குடிசை குடிசையாகப் போய்ச் சரிபார்க்கிற ஆளின் சம்பளமும் அந்த நிர்வாகச் செலவில்தான் இருக்கிறது.

எப்போது கொடுப்பது என்பதற்கும் ஒரு யோசனை. அமெரிக்கா 2025இல் வெளிநாட்டு உதவியை வெட்டியதிலிருந்து பல திட்டங்கள் சுருங்கியிருக்கின்றன. மழையையும் சந்தை விலையையும் பார்த்து எச்சரித்துவந்த பஞ்ச முன்னெச்சரிக்கை வலைத்தளம்கூட அந்த ஆண்டு சில மாதங்கள் முடங்கிக் கிடந்து பிறகு திரும்பியது. அதனால் முன்பைவிடச் செய்தி தாமதமாகவே உங்களை எட்டும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் கூ மழை எப்படி என்று ஒரு முறை பாருங்கள், டிசம்பர் கடைசியில் தைர் மழை எப்படி என்று பாருங்கள். அடுத்தடுத்து இரண்டும் மோசமாக இருந்தால் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள், குழந்தையின் படம் செய்தித்தாளில் வரும்வரை வைத்திருக்க வேண்டாம். இந்த முறை திரட்டியதை மொத்தமாகக் கொடுக்காமல் பாதியை அதற்காக ஒதுக்கி வைப்பதில் தவறில்லை. குறிப்பிட்ட ஊருக்கு, குறிப்பிட்ட பொருளுக்கு என்று கட்டுப்பாடு எதுவும் எழுதாமல் கொடுங்கள், அங்கே இருப்பவர்கள் அந்த வாரம் தண்ணீர் லாரிக்கா தடுப்பூசிக்கா என்று முடிவு செய்துகொள்வார்கள்.